பிளக் பாயின்ட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு

மலர்க் குழுவிலிருந்து சீனியர் அண்ணன் போன் செய்தபோதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஹாஸ்டல் நினைவுகள், மெஸ் சாம்பார், இதெல்லாம் நிறைய வந்துடுச்சு தம்பி. நீ உன் தொழிலைப் பத்தி எழுது. கொஞ்சம் சரித்திரம் மாதிரி இருக்கட்டும்."

என் தொழில் கனெக்டர் டிசைன். கல்யாணமான புதிதில் மாமனார், "அப்படின்னா என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டார். "ரெண்டு ஒயரை வேணும்போது சேர்த்து, வேண்டாதபோது பிரிக்கிற சாமானுங்க" என்றேன். "அதுக்கு இன்ஜினியர் எதுக்கு?" என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகம் கேட்டது. இந்தக் கட்டுரையை அவருக்குத் தர வேண்டிய பழைய பாக்கி என்று வைத்துக்கொள்ளலாம்.

கனெக்டரின் சரித்திரத்தை அமெரிக்காவிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் நம் காரைக்காலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். காரணம் இருக்கிறது. உலகத்தின் மூன்று வகைப் பிளக்குகளும் ஒரே வீட்டு மேஜை இழுப்பறையில் கிடக்கிற ஊர் நம் ஊர். பிரான்சில் மகன், சிங்கப்பூரில் மருமகன், வீட்டுச் சுவரில் நம்மூர் மூணு பின் சாக்கெட். ஒருவர் கொண்டுவந்த சாமான் இன்னொருவர் பாயின்ட்டில் போகாது. அல்லது போகக்கூடாத விதத்தில் போகும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

எங்கள் தெருவில் ஒரு சொல்தாத் தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்களை நம் ஊரிலும் புதுவையிலும் சொல்தா என்றுதான் சொல்வோம்; வெளியூர் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2001-ஆம் வருஷம் கோடை விடுமுறை, எனக்கு வயது பதினொன்று. பாரீசிலிருந்து வந்த அவர் மகன் ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்திருந்தார். கனமான கறுப்பு பிளக், இரண்டு உருண்டைப் பின். நம்மூர் ஐந்து ஆம்பியர் சாக்கெட்டின் கீழ் இரண்டு துளைகளில் அது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. "பார்த்தியா, பிரான்சுக்காரன் நம்ம ஊருக்கும் சேர்த்துத்தான் செஞ்சிருக்கான்" என்று தாத்தாவுக்குப் பெருமை. மூன்றாம் நாள் காலை, துணி துவைத்த ஈரக்காலோடு வந்து பெட்டியைத் தொட்ட மருமகள் தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தார், இரண்டு நாள் வலது கை மரத்துப் போயிருந்தது. தாத்தாவுக்குக் கோபம் பெட்டி மேல் இல்லை. "பாரீசுல பத்து வருஷம் ஓடின பெட்டிம்மா அது!" என்று மருமகளிடமே வாதாடினார்.

அடுத்த நாள் வந்த எலக்ட்ரீஷியன் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரில் ஒரு டூ பின் டாப் மாட்டினார். ஒயருக்குள் மூன்று கம்பி இருந்தது. பழுப்பு, நீலம், அப்புறம் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒன்று. மூன்றாவதை மடக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி, "இது எக்ஸ்ட்ரா தம்பி" என்றார் என்னிடம். அந்த எக்ஸ்ட்ராவின் கதைதான் இது.

நம் சுவரில் இருக்கும் மூணு பின் சாக்கெட் பிரிட்டிஷ்காரர்களின் தரம். 1911-லேயே லண்டனில் லுண்ட்பெர்க் கம்பெனி எர்த்தோடு கூடிய மூணு பின் பிளக்கை விற்றது. ஆளுக்கொரு அளவில் செய்து தள்ளியதால் ஏற்பட்ட குழப்பத்தை அடக்க 1934-ல் பி.எஸ். 546 என்ற தரம் வந்தது. 2, 5, 15, 30 ஆம்பியர் என்று நான்கு அளவு. இதில் 5-ம் 15-ம் இந்தியா முழுக்கப் பரவின. ஐந்து ஆம்பியரில் லைன், நியூட்ரல் பின்களின் விட்டம் 5.08 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்தில் ஐந்தில் ஒன்று. இரண்டுக்கும் இடையே 19.05 மி.மீ., முக்கால் அங்குலம். எர்த் பின் 7.06 மி.மீ. இன்னொரு வேடிக்கை: ஐந்து ஆம்பியர் பிளக்கின் எர்த் பின்னும் பதினைந்து ஆம்பியர் பிளக்கின் லைன் பின்னும் ஒரே பருமன்.

பிரிட்டனே இதைக் கைவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள்ளேயே, போருக்குப் பிறகு கட்டப்போகும் வீடுகளுக்கு வயரிங் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு குழு போட்டார்கள். செம்பை மிச்சம் பிடிக்கவேண்டிய காலம். வீட்டைச் சுற்றி ஒரே வளையமாகக் கம்பி இழுத்து, பிளக்குக்குள்ளேயே ஃப்யூஸ் வைக்கலாம் என்ற யோசனை அதில் வந்தது. குழுவில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். குழந்தைகள் துளையில் எதையும் குத்தாதபடி உள்ளே ஒரு மூடி, ஷட்டர், வேண்டும் என்பதில் அவருடைய பங்கு பெரிது. 1947-ல் வந்த அந்தச் சதுரப் பின் பிளக்தான் பி.எஸ். 1363. சிங்கப்பூர், மலேசியா மாப்பிள்ளைகள் கொண்டுவருவது இதுதான். நாம் சுதந்திரம் வாங்கிய அதே வருஷம் வந்த பிளக். நமக்கு வந்து சேரவில்லை. நாம் உருண்டைப் பின்னோடேயே இருந்துவிட்டோம். நம் ஐ.எஸ். 1293 தரம் அந்த 1934 அளவுகளின் வாரிசு. 1988-ல் வந்த திருத்தத்தில் 5 ஆம்பியர் 6 ஆனது, 15 ஆனது 16. சர்வதேச மின் தொழில்நுட்ப ஆணையத்தின் எண் வரிசையோடு ஒத்துப்போக வேண்டுமே! பின்னின் அளவு மாறவில்லை. கடைக்காரர் இன்றைக்கும் "அஞ்சா, பதினஞ்சா?" என்றுதான் கேட்கிறார்.

பிரெஞ்சுக்காரர்களின் ஏற்பாடு வேறு. பின்னின் விட்டம் 4.8 மி.மீ., இடைவெளி 19 மி.மீ. எர்த் பின் பிளக்கில் கிடையாது. சுவரிலுள்ள சாக்கெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கில் அதற்கு ஒரு துளை. எங்கள் பாஷையில் சொன்னால், எர்த்துக்கு மட்டும் ஆணும் பெண்ணும் இடம் மாறியிருக்கிறார்கள். இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 19-ம் 19.05-ம். அங்குலத்தில் யோசித்தவனும் மில்லிமீட்டரில் யோசித்தவனும் தற்செயலாக ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அதனால் பிரெஞ்சு பிளக் நம் சாக்கெட்டில் போகிறது. கரண்ட் வருகிறது. எர்த் வரவில்லை. பாரீசில் பத்து வருஷம் அந்தப் பெட்டிக்குள் மெல்ல மெல்ல ஒரு கசிவு வளர்ந்திருக்கும்; அங்கே அது சத்தமில்லாமல் எர்த்துக்குப் போயிருக்கும். நம் தெருவில் அதற்குக் கிடைத்த வழி ஒரு பெண்ணின் கை.

பிரெஞ்சு சாமான் இவ்வளவு தூரம் ஏன் வந்தது என்பதற்கும் சரித்திரம் உண்டு. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றார்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. சட்டப்படி மாற்றம் முழுமையானது 1962 ஆகஸ்ட் 16. அப்போது, விரும்பியவர்கள் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அந்த ஆறு மாதத்தில் எடுத்த முடிவுதான் இன்றைக்கும் நம் தெருக்களில் சூட்கேஸாக வந்து இறங்குகிறது. ஒப்பந்தத்தில் பள்ளிக்கூடம், பென்ஷன் எல்லாம் பேசினார்கள். பிளக்கைப் பற்றி யாருக்குத் தோன்றும்?

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு இடைச்செருகல். வைவாவில், "எர்த் பின் ஏன் நீளமாகவும் தடியாகவும் இருக்கிறது?" என்று கேட்பார்கள். தடியாக இருந்தால் ரெசிஸ்டன்ஸ் குறையும் என்று நாங்கள் பரம்பரையாகச் சொல்லிவந்தோம். அந்தப் பதிலில் பாதி கூட உண்மை இல்லை. அந்த நீளத்துப் பித்தளையில் குறைகிற ரெசிஸ்டன்ஸ் ஒன்றுமே இல்லை. தடிமன், அது தப்பித்தவறி லைன் துளைக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக. நீளம், சொருகும்போது எர்த் முதலில் சேரவேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரியவேண்டும் என்பதற்காக. "முதலில் சேர், கடைசியில் பிரி" என்ற இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு வேஷத்தில் வரும்.

இன்னொரு பிளக்கும் உண்டு. இப்போதெல்லாம் பிரான்சிலிருந்து வரும் சார்ஜர், ஷேவர்களில் இருக்கும் தட்டையான டூ பின். அதன் பின்கள் 4 மி.மீ.தான்; பிடிமானத்துக்காக நுனியில் கொஞ்சம் உட்பக்கம் சாய்ந்திருக்கும். 2.5 ஆம்பியருக்கு மேல் அதற்கு உரிமை இல்லை. நம் 5.08 துளையில் அது தொளதொள. ஷேவருக்குப் பரவாயில்லை. ஆனால் சொருகின பின்னால் "கிர்ர்" என்று சத்தம் கேட்டால் உடனே எடுத்துவிடுங்கள். லூஸ் காண்டாக்ட்டின் கணக்கு எளியது: கரண்டின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் பெருக்கு. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். பின் சரியாகப் பிடிக்காத இடத்தில் 0.1 ஓம் இருந்தாலே போதும், ஏழரை வாட் சூடு. ஒரு சின்ன பித்தளைத் துண்டில், பிளாஸ்டிக் பெட்டிக்குள், மணிக்கணக்காக. சாக்கெட் கருகுவது இப்படித்தான்.

ஏன் 0.1 ஓம் வருகிறது? ராக்னர் ஹோம் என்ற ஸ்வீடன்காரர், பெர்லினில் சீமென்ஸ் கம்பெனியில் இருந்து இதையே ஆயுள் முழுக்க ஆராய்ந்தார். எவ்வளவு வழவழப்பான உலோகமும் கிட்டப் பார்த்தால் மேடு பள்ளம். இரண்டு பரப்பு சேரும்போது சில மேடுகளின் நுனி மட்டுமே உண்மையில் தொடும். கரண்ட் முழுக்க அந்த நுனிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அழுத்தம் கூடினால் நுனிகள் நசுங்கி, தொடுகிற இடம் பெருகும். நுனியில் களிம்போ உப்போ படிந்தால் போச்சு. கனெக்டர் டிசைன் என்பது பெரும்பாலும் இந்த நுனிகளைக் காப்பாற்றுகிற வேலை. பாஸ்பர் பிரான்ஸ் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். மேலே நிக்கல் பூச்சு. அதற்கும் மேல் 0.76 மைக்ரான் தங்கம். தலைமுடியில் நூறில் ஒரு பங்குதான். அதற்குத்தான் இவ்வளவு விலை.

இதை நான் வகுப்பில் படிக்கவில்லை. இறுதியாண்டில் என் ரூம்மேட்டின் சித்தப்பாவிடம் படித்தேன். கிளிஞ்சல்மேட்டில் விசைப்படகு வைத்திருந்தார். "என்னா தம்பி, கரண்டுப் படிப்புதானே படிக்கிறிய? நம்ம ஜி.பி.எஸ்ஸை வந்து பாருங்களேன். கரையில நல்லா இருக்கு, கடலுக்குப் போனா எடம் காட்ட மாட்டேங்குது" என்றார். அரசலாற்று முகத்துவாரத்தில் துறைமுகத்தில் நின்ற படகில் ஏறிப் பார்த்தோம். செட்டில் ஒரு குறையும் இல்லை. ஆன்டெனா ஒயர் வந்து சேர்கிற கனெக்டரைத் திருகிக் கழற்றினேன். நடு முள்ளில் பச்சைக் களிம்பு, பூஜைச் செம்பை ஒரு வருஷம் தேய்க்காமல் விட்ட மாதிரி. படகு அசைந்தால் தொடும், விலகும். கரையில் அசைவில்லை, அதனால் வேலை செய்தது.

இந்தக் கனெக்டரின் வம்சம் பெரிய இடம். பெல் லேபரட்டரியின் பால் நீல், ஆம்ஃபினால் கம்பெனியின் கார்ல் கான்செல்மன், இருவர் பெயரின் முதல் எழுத்துகளும்தான் நம் லேபில் ஆசிலோஸ்கோப்பில் மாட்டுகிற பி.என்.சி.யில் இருக்கின்றன. அதையே திருகு மரையோடு செய்தால் டி.என்.சி. அசைவில் கழன்றுவிடாது. ஆனால் கழலாமல் இருப்பதும் உப்பு நுழையாமல் இருப்பதும் ஒன்றல்ல.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன் தம்பி, ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு" என்றார் சித்தப்பா. அதுதான் தப்பு. உப்புத்தாளில் களிம்போடு பூச்சும் போய்விடுகிறது. அப்புறம் உப்புக் காற்றுக்கு வெறும் பித்தளை கிடைக்கிறது, இரண்டு மடங்கு வேகத்தில் தின்கிறது. புது கனெக்டர் மாட்டி, நீர் புகாத ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றிக் கொடுத்தோம். செலவு சில நூறு ரூபாய்.

சில நூறு ரூபாய் என்று நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கடலில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தங்களில் அது கோணமும் கலையுமாக எழுதப்பட்டிருக்கிறது. இருட்டில் கோடியக்கரைக்கு அப்பால் படகு எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்ல அந்தச் சின்னத் திரையைத் தவிர வேறு நாதியில்லை. காரைக்கால் படகுகள் பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சை முள் ஞாபகம் வரும். எல்லாப் படகும் கனெக்டரால் பிடிபட்டது என்று சொல்ல வரவில்லை. மீன் எங்கே போகிறதோ அங்கே போகிறவர்களும் உண்டு. ஆனால் இடம் தெரிந்து போவது வேறு, தெரியாமல் போவது வேறு.

வேலைக்குச் சேர்ந்தபின் பார்த்தேன், இதற்கென்றே ஒரு டெஸ்ட் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் 35 டிகிரி வெப்பம், ஐந்து சதவீத உப்புக் கரைசலைப் புகை மாதிரி தெளிப்பார்கள். 48 மணி, 96 மணி என்று கனெக்டர் உள்ளே கிடக்கும். முதல் நாள் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு சார் இவ்வளவு செலவு, எங்க ஊர் மொட்டை மாடியில வச்சா போதுமே" என்றேன். மேலதிகாரி ரசிக்கவில்லை.

கம்ப்யூட்டர் பக்கம் வேகமாக ஒரு எட்டு போய்விட்டு வரலாம். 1990-களின் நடுவில் ஒரு கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தால் பிரின்டருக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, கீ போர்டுக்கு ஒன்று என்று ஏழெட்டு வகை ஓட்டை. இதை ஒன்றாக்கவேண்டும் என்று இன்டெல்லில் முனைந்த குழுவின் தலைவர் அஜய் பட், பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. வந்தது. அதன் நான்கு தகடுகளில் ஓரத்து இரண்டும், பவரும் கிரவுண்டும், நடு இரண்டைவிட நீளம். ஞாபகம் வருகிறதா? முதலில் சேர், கடைசியில் பிரி. 1911 லண்டன் பிளக்கின் குலதர்மம் ஒரு இந்தியரின் கையில் இப்படிப் போய்ச் சேர்ந்தது. அதைத் தலைகீழாகவும் சொருகலாம் என்று ஏன் செய்யவில்லை என்று அவரைக் கேட்காதவர்கள் இல்லை. ஒயரும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகும், விலை ஏறும், அந்த விலையில் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பதே பதில். சொன்னது நியாயம்தான். 2014-ல் 24 தொடுமுனையோடு டைப் சி வந்தபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்த விஷயம் 2007-ல் மைக்ரோ யு.எஸ்.பி.யில் நடந்தது. தேய்கிற ஸ்பிரிங்கை போனிலிருந்து எடுத்து ஒயர் முனைக்கு மாற்றினார்கள். சாதாரண யு.எஸ்.பி.க்கு 1500 தடவை சொருகிப் பிடுங்குவதுதான் கணக்கு. இது 10,000 தாங்கும். பழுதானாலும் ஐம்பது ரூபாய் ஒயர் போகும், பத்தாயிரம் ரூபாய் போன் பிழைக்கும். யார் செலவில் எது தேயவேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை. 2022 இறுதியில் நம் நுகர்வோர் விவகாரத் துறை கம்பெனிகளைக் கூட்டிப் பேசி, டைப் சிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமும் வந்தது. ஐரோப்பிய யூனியன் சட்டமே போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் போன்களுக்குக் கட்டாயமாக்கியது.

நம்மவர்கள் கனெக்டரே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய ஏதர் கம்பெனி, ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. கார்களுக்கான வெளிநாட்டுச் சார்ஜிங் கனெக்டர் ஸ்கூட்டருக்குப் பெரிது, விலையும் அதிகம். ஏ.சி.யும் டி.சி.யும் ஒரே முனையில் வருகிற சின்ன கனெக்டர் ஒன்றை அவர்களே வடிவமைத்து, 2021-ல் மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். 2023-ல் அது ஐ.எஸ். 17017 வரிசையில் இந்தியத் தரமாக ஏற்கப்பட்டது. 1934-லிருந்து பிறர் அளவிலேயே சொருகிக்கொண்டிருந்த நாட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. எங்கள் தொழிலில் அன்றைக்கு ஒருவருக்கொருவர் ஸ்வீட் கொடுத்துக்கொண்டோம்.

சொல்தாத் தாத்தா வீட்டுப் பாக்கியைச் சொல்லவில்லையே. மூன்றாம் வருஷம் எர்த்திங் பாடம் நடந்த வாரம் எனக்கு அந்தப் பச்சை மஞ்சள் கம்பி ஞாபகத்துக்கு வந்தது. அவர் வீட்டுக்குப் போய் டூ பின் டாப்பைக் கழற்றிவிட்டு நல்ல மூணு பின் டாப் மாட்டினேன். சந்தேகத்துக்குச் சுவர் சாக்கெட்டையும் திறந்து பார்த்தால் எர்த் முனையில் ஒயரே இல்லை! துளை மட்டும் அலங்காரத்துக்கு. நானும் ரூம்மேட்டும் இன்னும் இரண்டு பேரும், லைசென்ஸ் உள்ள ஒரு ஒயர்மேனைக் கூட வைத்துக்கொண்டு, கொல்லையில் குழி தோண்டி ஜி.ஐ. பைப் இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். எனக்குத் தெரிந்து கரண்டுக்கு உப்பு உதவி செய்கிற ஒரே இடம் அதுதான். "வெயில் காலத்துல தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு வந்தோம். துளசிமாடத்துக்கு ஊற்றும்போது அதற்கும் சேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

தாத்தா இப்போது இல்லை. போன பொங்கலுக்குப் பாரீஸ் பேரன் வந்திருந்தான். சார்ஜர் ஒயரின் போன் பக்கத்து முனை என் போனில், அவன் சித்தி போனில், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அவன் மாமா போனில், எல்லாவற்றிலும் போயிற்று. சுவர் பக்கத்து முனைதான் எதிலும் சரியாக உட்காரவில்லை. "அண்ணே, ஒரு அடாப்டர் இருக்கா?" என்று என்னிடம் வந்தான். இருந்தது. கூடவே கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், குடத்தை எங்கே ஊற்றவேண்டும் என்றும் காட்டிவிட்டு வந்தேன்.